சிங்கப்பூரில் தினமும் பையில் வைக்க எந்த மல்டிடூல்?

கத்தி, கத்தரிக்கோல், ஸ்க்ரூடிரைவர், பிளையர் போன்றவை ஒன்றுக்குள் மடிந்திருக்கும் மல்டிடூலை வாங்க வருகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது கத்தி எவ்வளவு நீளம் என்றுதான். சிங்கப்பூரில் முதலில் திறந்து பார்க்க வேண்டியது கத்தரிக்கோலை. ஒரு சாதாரண நாளில் கை எதையெதைத் தேடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்: இணையத்தில் வாங்கிய பொருளின் டேப், மசாலாப் பொட்டலம், புதுச் சட்டையின் விலைச்சீட்டு, பிரிந்து தொங்கும் நூல், கேபிள் டை, பொம்மையின் பேட்டரி மூடி, மூக்குக் கண்ணாடியில் தளர்ந்த ஸ்க்ரூ, சமையலறையில் ஆடும் அலமாரிக் கதவு. முன்பாதி கத்தரிக்கோலின் வேலை, பின்பாதி ஸ்க்ரூடிரைவரின் வேலை. கத்தி இல்லாமல் முடியாது என்று சொல்ல இதில் ஒன்றுகூட இல்லை. பிளையர் எப்போதாவதுதான் வேண்டியிருக்கும், ஆனால் வேண்டிய நேரத்தில் அதற்கு மாற்று கிடையாது.

கத்தியைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு இன்னொரு காரணம் சட்டம். அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதத்தைக் கொண்டுசெல்வது குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறையோடு பிரம்படியும் கிடைக்கலாம். மல்டிடூல் வைத்திருப்பவர் எல்லாரும் குற்றவாளி என்று இதற்குப் பொருள் இல்லை. எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பொருந்தும் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேலைக்குப் போகும் தொழில்நுட்பர் கருவிப்பையில் வைத்திருப்பதும், இரவு 11 மணிக்குக் காற்சட்டைப் பையில் கிளிப் வெளியே தெரியச் செருகியிருப்பதும் ஒன்றல்ல. எம்ஆர்டி நிலையத்தில் பை சோதனைக்கு உங்களை நிறுத்தினால், கத்தரிக்கோலும் ஸ்க்ரூடிரைவரும் மட்டும் உள்ள கருவிக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. விசையை அழுத்தியதும் தானாகத் திறக்கும் கத்தி உள்ள எதையும் வாங்கவே வேண்டாம். இணையக் கடைகளில் அவையும் மல்டிடூல் என்ற பெயரில் பட்டியலில் வரும்.

கத்தரிக்கோலைச் சோதிக்க உணவங்காடி நிலையத்தில் மேசை பிடிக்கப் போடுகிறோமே, அந்த டிஷ்யூ பாக்கெட் ஒன்று போதும். ஒரே ஒரு தாளை எடுங்கள், மடிக்க வேண்டாம். கத்தரிக்கோலை முழுதாகத் திறந்து, அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பில் வெட்டுங்கள். நல்ல கத்தரிக்கோல் நுனியிலும் சுத்தமாக வெட்டும். மட்டமானது பாதி வரை வெட்டிவிட்டு, கடைசி 5 மில்லிமீட்டரில் தாளை மடித்து இரு அலகுக்கும் நடுவே கவ்வும். காரணம் கூர் இல்லாதது அல்ல. அலகுகள் நுனியில் ஒன்றையொன்று தொடாததுதான். தீட்டினாலும் அது சரியாகாது. மூடிய அலகுகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நுனியில் இடைவெளி தெரியும்.

அடுத்து பிளையர். கடையில் தரும் ரசீதின் ஓரத்தைப் பிளையர் நுனியால் மட்டும் கவ்வி இழுங்கள். வழுக்கினால் நுனிகள் சேரவில்லை. அப்படிப்பட்ட பிளையரால் குழாய்த் துளைக்குள் விழுந்த சாவியையோ, முறிந்த ஆணியையோ பிடிக்க முடியாது. பிறகு கைப்பிடிகளை இறுக்கி மூடிப் பாருங்கள். உள்ளங்கைச் சதை நடுவே மாட்டிக் கிள்ளுகிறதா? ஒரு கருவியைத் திறக்கும்போது பக்கத்தில் உள்ள இரண்டும் கூடவே எழுந்து வருகின்றனவா? முதலாவது தினமும் வலிக்கும், இரண்டாவது தினமும் எரிச்சலூட்டும். எத்தனை கருவி என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாட்டில் திறப்பி, அளவுகோல், சாவி வளையம் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணித்தான் 14, 18 என்று எழுதுகிறார்கள்.

சாவிக்கொத்தில் தொங்கவிடும் அளவில் நம் முதல் தேர்வு விக்டரினாக்ஸ் ஜெட்செட்டர். மூடிய நீளம் 58 மில்லிமீட்டர். கத்தி கிடையாது. கத்தரிக்கோல், காந்தம் ஏற்றிய சிறு பிலிப்ஸ் (கூட்டல் குறி வடிவ) முனையோடு சேர்ந்த பாட்டில் திறப்பி, சாமணம், பல்குச்சி இருக்கின்றன. சிங்கப்பூர் அலுவலக வாழ்க்கைக்கு இதற்கு மேல் தினமும் தேவைப்படாது. கத்தியும் வேண்டும் என்றால் அதே அளவில் ராம்ப்ளர் இருக்கிறது. சிறு கத்தி, அரம், கத்தரிக்கோல், பிலிப்ஸ் நான்கும் வரும். எல்லாரும் பரிசாகக் கொடுக்கும் கிளாசிக் எஸ்டி 20 கிராம் சொச்சம்தான். அதன் அரத்தின் நுனி 2.5 மில்லிமீட்டர் தட்டை ஸ்க்ரூடிரைவர், சிறு பிலிப்ஸ் ஸ்க்ரூக்களிலும் ஓரளவு பொருந்தும். ஆனால் இறுக்கமான பேட்டரி மூடி ஸ்க்ரூவில் அது நழுவி ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும்.

இந்த 58 மில்லிமீட்டர் வரிசை எல்லாவற்றிலும் முதலில் உடைவது கத்தரிக்கோலின் மெல்லிய ஸ்பிரிங். அது தனியாகக் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம். ஸ்பிரிங் போனதற்காகக் கருவியையே தூக்கிப் போடாதீர்கள்.

லெதர்மேன் மைக்ரா கத்தரிக்கோலையே நடுவில் வைத்துச் செய்த கருவி. எடை சுமார் 50 கிராம். கைப்பிடிகளைத் திருப்பினால் விரல்களுக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். தடித்த பிளாஸ்டிக் உறைகளை வெட்ட 58 மில்லிமீட்டர் விக்டரினாக்ஸைவிட இதுவே மேல். குறை அதன் பிலிப்ஸ் முனை. நாலு பக்கமும் உருண்ட முனை அல்ல, தட்டையான தகட்டைப் பிலிப்ஸ் வடிவில் வெட்டியது. இரண்டு பள்ளங்களில் மட்டுமே பிடிக்கும் என்பதால் பலமாகத் திருப்பினால் எகிறும். சாவிக்கொத்திலேயே பிளையரும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் லெதர்மேன் ஸ்குவர்ட் பிஎஸ்4 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. எஞ்சிய சரக்கை இரட்டை விலைக்கு விற்கிறார்கள், அந்த விலைக்கு அது தகாது. கெர்பர் டைம் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. பிளாஸ்டிக் உறைகளைக் கிழிக்கும் சிறு கொக்கி அதில் உருப்படியான யோசனை. பிளையர் நுனி ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள், எல்லாம் ஒரே மாதிரி வருவதில்லை.

முழு அளவுக் கருவி யாருக்கு? பராமரிப்பு வேலை, மேடை ஒலி ஒளி, சைக்கிள், வீட்டுச் சிறு பழுதுகளைத் தாமே பார்ப்பவர்கள் ஆகியோருக்கு. கேள்வி அநேகமாக லெதர்மேன் வேவ் பிளஸா, விக்டரினாக்ஸ் ஸ்விஸ்டூல் ஸ்பிரிட்டா என்பதில் வந்து நிற்கும்.

ஸ்பிரிட் கையில் எடுத்ததும் பிடித்துப்போகும். மூடிய நீளம் 105 மில்லிமீட்டர், எடை 200 கிராமைச் சற்றுத் தாண்டும். விளிம்புகள் வழவழவென்று உருண்டிருப்பதால் உள்ளங்கையில் உறுத்தாது. பிளையரைத் திறக்காமலே மற்ற எல்லாக் கருவிகளையும் வெளியிலிருந்து எடுக்கலாம், எடுத்ததும் பூட்டிக்கொள்ளும். மல்டிடூல்களில் வரும் கத்தரிக்கோல்களில் இதனுடையதுதான் சிறந்தது என்பது நம் தீர்ப்பு. டிஷ்யூ சோதனையில் நுனி வரை வெட்டும். கத்தியை நகத்தால் நெம்பி, இரண்டு கையாலும்தான் திறக்க வேண்டும். அமெரிக்க விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஒரு கையால் படக்கென்று திறக்கும் கத்தியால் இங்கே தேவையற்ற சந்தேகம்தான் வரும், அதனால் நமக்கு இது நல்லதே.

வேவ் பிளஸ் 241 கிராம். கத்தி, பல்வைத்த கத்தி, ரம்பம், அரம் நான்கும் வெளியிலிருந்து எடுக்கும்படி இருக்கின்றன. ஆனால் நாம் அதிகம் பயன்படுத்தும் கத்தரிக்கோல் உள்ளே இருக்கிறது. அதை எடுக்கப் பிளையரை விரித்து, கத்தரிக்கோலை நெம்பி எடுத்து, மறுபடி கைப்பிடியை மடக்க வேண்டும். ஒரு பொட்டலம் பிரிக்க இத்தனை வேலை. அப்படியிருந்தும் இதைச் சிலருக்குப் பரிந்துரைக்க இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, 2018இல் வந்த இந்த வடிவத்தில் கம்பி வெட்டும் அலகுகளைக் கழற்றி மாற்றலாம். கடினக் கம்பியை வெட்டி அலகில் பள்ளம் விழுவதுதான் எல்லாப் பிளையர்களுக்கும் வரும் முதல் சேதம். இரண்டாவது, பிட் எனப்படும் ஸ்க்ரூடிரைவர் முனைகளை மாற்றும் வசதி. அது நம் வீடுகளில் ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் சமையலறை அலமாரிக் கதவைத் திறந்து கீலைப் பாருங்கள். ஸ்க்ரூவின் தலையில் பிலிப்ஸ் போலவே ஒரு கூட்டல் குறி இருக்கும். அதன் மூலைகளுக்கு நடுவே இன்னும் நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பிலிப்ஸ் அல்ல, போசிடிரைவ். ஐரோப்பிய வகைக் கீல்களிலும், நாமே பூட்டிக்கொள்ளும் தட்டுமுட்டுச் சாமான்களிலும் பெரும்பாலும் வருவது போசிடிரைவின் 2ஆம் அளவான பிஇசட்2. இதில் பிலிப்ஸ் முனையை விட்டால் உட்கார்ந்தது போலத் தெரியும். முழு பலம் கொடுத்ததும் மேலே ஏறி நழுவும். நாலைந்து முறை இப்படி நழுவினால் தலை வழுக்கையாகிவிடும், பிறகு கழற்றவே முடியாது. ஸ்பிரிட்டில் நிலையாகப் பொருத்திய பிலிப்ஸ் முனை நல்ல முழு வடிவம் கொண்டது. ஆனாலும் பிலிப்ஸ் பிலிப்ஸ்தான். வேவ் பிளஸுக்குத் தனியாக விற்கும் பிட் தொகுப்பில் போசிடிரைவ் முனைகளும் உண்டு. லெதர்மேன் பிட்கள் தட்டையானவை என்பதை மறக்காதீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண அறுகோணப் பிட்டைப் போட வேண்டுமானால் அதன் நீட்டிப்புத் தண்டையும் வாங்க வேண்டும். ஆடும் கதவைச் சரிசெய்யப் பலமாகத் திருக வேண்டியதில்லை. கீலின் பக்கவாட்டு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, கதவை மூடிப் பார்த்து, மறுபடி கால் சுற்று. கதவின் மேல்கீல், கீழ்கீல் இரண்டையும் மாறி மாறிச் சரிசெய்ய வேண்டும்.

லெதர்மேன் ஸ்கெலிடூலைப் பலர் கேட்கிறார்கள், 142 கிராம்தானே என்று. பார்க்க அழகு, பிளையரும் நல்லது. ஆனால் கத்தரிக்கோல் இல்லை, கத்தி இருக்கிறது. இந்த ஊர் வாழ்க்கைக்கு இது தலைகீழ். லெதர்மேன் ஃப்ரீ பி2, பி4 இரண்டிலும் கத்தரிக்கோல் வெளியே வந்துவிட்டது, காந்தத்தால் மூடிக்கொள்ளும், திறப்பது சுலபம். விலை ஒன்றுதான் தடை. பி2 216 கிராம்; ரம்பம் வேண்டாம் என்பவர்களுக்கு வேவைவிட அதுவே பொருத்தம்.

எந்தக் கருவி வாங்கினாலும் செய்யக் கூடாதவை சில. கைப்பிடி வெறும் உலோகம், மின்காப்பு கிடையாது. 230 வோல்ட் ஓடும் எதையும் இதனால் தொடாதீர்கள். சுவரில் உள்ள சுவிட்ச், பிளக் துளைகள் உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. சாதனத்தின் மூன்று முனைப் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி எடுத்த பிறகு, அதன் ஃபியூஸை நெம்பி எடுக்கத் தட்டை ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்தலாம். 13 ஆம்பியர் இருந்த இடத்தில் 13, மேசை விளக்கு போன்றவற்றில் 3 இருந்தால் 3. எரிந்தது என்று பெரிதாக மாற்றாதீர்கள்.

சன்னல்களும் அப்படியே. வெளிப்பக்கம் திறக்கும் சன்னலின் தாங்குகோலில் அலுமினிய ரிவெட் இருந்தால் அதைத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டாக மாற்ற வேண்டும், அதை அங்கீகாரம் பெற்ற சன்னல் ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். பிளையரால் நெளித்துத் தற்காலிகமாக நிறுத்தினால் கீழே நடப்பவர் தலையில் விழும்.

தைப்பூசத்துக்குக் காவடி பூட்டும் குழுக்களில் மல்டிடூல் கைக்குக் கை மாறுவதைப் பார்க்கலாம். பூச்சரம், நைலான் நூல், கேபிள் டை வெட்டக் கத்தரிக்கோல் அருமையாக உதவும். நட்டு இறுக்க மட்டும் பிளையரைப் பயன்படுத்தாதீர்கள். பிளையரின் வாய் நட்டின் இரண்டு பக்கங்களை இணையாகப் பிடிப்பதில்லை, மூலைகளில் கடிக்கும். இரண்டு தடவை இறுக்கினால் மூலை உருண்டுவிடும், பிறகு தெண்டாயுதபாணி கோயிலில் காவடியை இறக்கும்போது கழற்ற முடியாமல் திண்டாட வேண்டும். எம்6 போல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், எம்5 போல்ட்டுக்கு 8. இரண்டும் சேர்ந்து மல்டிடூலைவிடக் குறைந்த எடை.

கடினக் கம்பியை எப்போதும் பிளையரின் அச்சுக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தில் வைத்து வெட்டுங்கள். நுனியை நெருங்க நெருங்க நெம்பு பலம் குறையும். பிளையர் நுனியைப் பக்கவாட்டில் முறுக்கிக் கதவு நெம்பினால் ஒரு தாடை உடையும். கத்தியின் நுனி உடைவதும் பெயிண்ட் டப்பா மூடியை நெம்பித்தான்.

துருவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் ஊர் இது. லெதர்மேனின் 420எச்சி எஃகும் விக்டரினாக்ஸின் எஃகும் துருவை நன்றாகவே தாங்கும், ஆனால் துருவே பிடிக்காத எஃகு கிடையாது. வியர்வை உப்பு கருவிகளுக்கு நடுவே, அச்சுகளில் தங்கும். செம்பழுப்புப் புள்ளி முதலில் தோன்றுவது ஸ்பிரிங்குகளிலும் அரத்தின் பற்களிலும்தான். தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், நைலான் உறை மேல். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் திறந்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, பழைய பல்துலக்கியால் அச்சுகளைத் தேயுங்கள். ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு முறை நீருக்குள்ளேயே திறந்து மூடினால் உள்ளிருந்து கறுப்பு அழுக்கு வெளியேறும். துடைத்து, முடி உலர்த்தியால் நன்றாக உலர்த்துங்கள். பிறகு ஒவ்வோர் அச்சிலும் தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி, அதற்கு மேல் விட்டால் தூசியை இழுத்துப் பசையாகும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும், அதாவது குளிரூட்டிய அலுவலகத்தில் கருவி திறக்க மறுக்கும். நாளடைவில் பிசின் போலவும் ஒட்டும். டபிள்யூடி-40 தெளிப்பு நீரை விரட்டும், ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். கழுவிய பின் அடித்தாலும் எண்ணெய்த் துளி தேவைதான்.

கூர் தீட்டப் பெரிய கல் வேண்டாம். கோப்பிக் கடைப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு பூசாத சொரசொர வளையம் இருக்கும். கத்தியை 15 முதல் 20 பாகை சாய்த்து, பக்கத்துக்குப் பத்து இழுப்பு, அழுத்தாமல். கத்தரிக்கோலை இப்படித் தீட்டப் போனால் நுனி இடைவெளி வந்துவிடும், அதை விட்டுவிடுங்கள்.

வாங்கும் இடம்: கையில் எடுத்துப் பார்க்க விடும் கடைதான் நல்ல கடை. பீச் ரோடு கோல்டன் மைல் உணவங்காடி நிலையத்தில் உள்ள ராணுவச் சந்தையில் தேசிய சேவையாளர்களுக்கான உறைகளும் இடுப்புப் பட்டைகளும் கிடைக்கும். நுண்ணிய ஸ்க்ரூடிரைவர் முனைகள் தேவையென்றால் சிம் லிம் டவர். இணையத்தில் வாங்கினால், 400 வெள்ளி வரையிலான இறக்குமதிக்கும் 2023 முதல் பொருள், சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு. வெளிநாட்டு விலை மலிவாகத் தெரிந்தால் வரியையும் அஞ்சல் செலவையும் கூட்டிப் பாருங்கள். போலிகள் நிறைய உலவுகின்றன. உண்மையான வேவில் போர்ட்லண்ட், ஓரிகன் என்ற முத்திரை தெளிவாக இருக்கும். போலியில் எழுத்து மங்கலாகவோ, கோணலாகவோ இருக்கும், டிஷ்யூ சோதனையில் அதற்கு முன்பே தோற்றுவிடும். லெதர்மேன் 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. விக்டரினாக்ஸ், பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்கு வாழ்நாள் உத்தரவாதம். போலிக்கு இரண்டும் செல்லாது. வாங்கும்போது உள்ளூர் அதிகாரபூர்வ முகவரின் ரசீதா என்று கேட்டு வாங்கி, படம் எடுத்து வையுங்கள், அந்த வெப்பத்தாள் ஓர் ஆண்டில் வெளுத்துவிடும்.

நாங்கள் பரிந்துரைக்கும் ஏற்பாடு இரண்டு கருவிகள்: உடலோடு ஜெட்செட்டர், வீட்டு இழுப்பறையிலோ வேலைப் பையிலோ ஸ்பிரிட். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், வீட்டில் பழுது பார்க்க யாரும் இல்லை என்றால் ஸ்பிரிட். ஏற்கெனவே நல்ல ஸ்க்ரூடிரைவர் செட் வீட்டில் இருக்கிறது என்றால் ஜெட்செட்டர் மட்டும் போதும். அலமாரிகள், கட்டில்கள் கழற்றிப் பூட்டுவது அன்றாட வேலையாக உள்ளவர்களுக்கு மட்டும் வேவ் பிளஸும் பிட் தொகுப்பும்.

கடைசியாகச் சாங்கி விமான நிலையம். முனையம் 1, 2, 3 ஆகியவற்றில் கைப்பை சோதனை நடப்பது விமானத்தில் ஏறும் வாயிலருகே. அதாவது பெட்டியை ஒப்படைத்து, குடிநுழைவையும் கடந்த பிறகு. அங்கே சாவிக்கொத்தில் சிறு கத்தி தென்பட்டால் திரும்பிப் போய்ப் பெட்டிக்குள் போட வழியில்லை. ஜெட்செட்டரில் கத்தி இல்லை என்றாலும் கத்தரிக்கோலை அனுமதிப்பது அங்குள்ள அதிகாரியின் முடிவு. ஊர் திரும்பும்போது சென்னையிலோ திருச்சியிலோ உள்ள அதிகாரி வேறு முடிவு எடுக்கலாம். சாவிக்கொத்தில் மாட்டுகிறவர்கள் தனியே கழற்றக்கூடிய சிறு கொக்கியில் மாட்டுங்கள். பெட்டி அடுக்கும் அன்றே கழற்றி, காலுறைக்குள் சுற்றி, ஒப்படைக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.